ஒன்பது நாளுக்குச் செய்த ஸ்பிரிங்

எங்கள் பழுதுகூடத்தில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எனக்குப் பூதக்கண்ணாடி. நெற்றியில் ஏற்றிவிட்ட லென்ஸைக் கழற்ற மறந்து, பேருந்தில் நின்றபடியே வீடுவரை போய் இறங்கியதால் வந்த பெயர். பதினேழு வருடமாக விலை உயர்ந்த கைக்கடிகாரங்களைத் திறந்து பார்த்து, எது தேய்ந்திருக்கிறது, எது அசல், எது பிறகு வந்து சேர்ந்தது என்று எழுதிக் கொடுப்பதும், எழுதியதைச் சரி செய்வதும்தான் என் வேலை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். "ஊர்ல எல்லாரும் வாட்ச்ச பாத்து ஓடுறாங்க, நீ ஒருத்திதான் ஓடுற வாட்ச்ச நிறுத்திப் பாக்குற" என்பார்.

அந்த வாட்ச் வந்தது ஒரு திங்கட்கிழமை. வரவேற்பில் இருக்கும் பெண் உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, பாலக்காரர் வந்திருக்காரு" என்றாள்.

மேனேஜர் தலை நிமிராமலே, "நாமதான் பால் வாங்கறதையே நிறுத்திட்டமே" என்றார்.

"பால் இல்ல சார், பாலம். பாலம் கட்றவரு. போன வாரம் போன் பண்ணாரே."

வெளியே வந்தேன். அறுபதைத் தாண்டிய ஒருவர், நிமிர்ந்த முதுகு, சலவை மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் அவர் மனைவி. கணவர் தன் மணிக்கட்டிலிருந்து வாட்சைக் கழற்றி, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல மெத்தைத் தட்டில் வைத்தார். வெளிநாட்டில் கடலுக்கு மேலே ஐந்து வருடம் கட்டிய பாலம் ஒன்றைத் திறந்து வைத்த அன்று, நிறுவனத்தின் முதலாளி தலைமை இன்ஜினியர்கள் நால்வருக்குக் கொடுத்ததாம்.

கருநீல டயல். அடிப்பக்கத்தில், ஆறு மணி இருக்க வேண்டிய இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு திறப்பு. அதற்குள் இழை இழையான எஃகுக் கூண்டு ஒன்று மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. மேலே வலது ஓரத்தில் ஒரு சின்ன வட்டம். அதில் ஒற்றை நீல முள். வேறொரு ஊரில் இப்போது மணி என்ன என்று சொல்லும் முள் அது.

"இது டூர்பில்லன்மா. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அந்தக் கூண்டுக்குள்ளதான் வாட்சோட உயிரே இருக்கு. நிமிஷத்துக்கு ஒரு தடவ கூண்டோட சேந்து சுத்தும். எதுக்கு சுத்துது?"

பரீட்சை என்று புரிந்தது. "வாட்ச் எப்படிச் சாஞ்சாலும் பூமியோட இழுப்பு ஒரே பக்கமா விழாம, எல்லாப் பக்கமும் பங்கு போட்டு விழுறதுக்கு சார்."

"சரி" என்று தலையசைத்தார். தேர்ச்சி பெற்றுவிட்டேன்.

குறை என்ன என்று கேட்டேன். ராத்திரி கழற்றி வைத்தால் காலையில் நின்றுபோய் இருக்கிறது என்றார். படிவத்தில் அடுத்த கேள்வி எல்லோரிடமும் கேட்பது. "இதுக்கு முன்னாடி எங்கயாவது திறந்து பாத்திருக்கீங்களா?"

"என் கைய விட்டுப் போனதே இல்ல. பதினோரு வருஷம். ஒருத்தர் தொட்டதில்ல. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். அவர் மனைவி கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருந்த தோல் வார்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வேலையில் எடுத்த உடனே திறப்பதில்லை. முதலில் கேட்க வேண்டும். வாட்சின் துடிப்பை வாங்கித் திரையில் கோடாக இழுக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் மேல் வாட்சை மல்லாக்க, கவிழ்த்து, பக்கவாட்டில் என்று ஆறு விதமாக வைத்துப் பார்த்தேன். கோடு நேராகத்தான் போனது. துடிப்பில்தான் பலம் இல்லை. உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். பதினோரு வருடத்துக்கு அது ஒரு குற்றமே இல்லை.

பிறகு நீல முள்ளைப் பார்த்தேன். வாட்சின் இடுப்பில் ஒரு பொத்தான். ஓர் அழுத்தலுக்கு நீல முள் ஒரு மணி நேரம் தாண்டும். அழுத்தினேன். டக்கென்று போய் உட்கார்ந்தது. மறுபடியும் அழுத்தினேன். அதே உறுதி. ஆனால் அந்தச் சத்தத்தில் ஏதோ இருந்தது. இதே வகை வாட்ச் நாலைந்து என் கைவழி போயிருக்கிறது. அவற்றின் சத்தம் மெல்லிசு. இதன் குரல் சளி பிடித்தவர் பேசுவதுபோல ஒரு சுற்றுக் கனமாக இருந்தது.

மறுநாள் திறந்தேன். பின்மூடியின் உள்பக்கம் சுத்தமாக இருந்தது. பழுது பார்ப்பவர்கள் ஊசி முனையால் அங்கே ஏதாவது கிறுக்கி வைப்பார்கள், தேதி, எழுத்து, சின்ன நட்சத்திரம். ஒன்றுமே இல்லை. முட்களை எடுத்தேன், டயலை எடுத்தேன். டயலுக்கு அடியில்தான் நீல முள்ளின் குடும்பம் குடியிருக்கிறது. அதில் ஒரு ஸ்பிரிங். அரிசி மணி நீளம்கூட இருக்காது. வளைந்த கம்பி, நுனியில் ஒரு மூக்கு. நட்சத்திரம்போல இருக்கும் சின்னச் சக்கரத்தின் இரண்டு பற்களுக்கு நடுவில் அந்த மூக்கு போய் உட்காரும். அது பிடித்து வைப்பதால்தான் நீல முள் தள்ளாடாமல் நிற்கிறது.

தொழிற்சாலையில் அந்த ஸ்பிரிங்கைத் தகட்டிலிருந்து வெட்டி எடுப்பார்கள். விளிம்பு பிளேடால் சீவியதுபோல இருக்கும். இது வேறு. கம்பியை வளைத்து, தேய்த்து, கையால் செய்தது. நிறம்கூட ஒரு சாயல் வெளுப்பு. மைக்ரோஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். தேய்த்த கீறல்கள் எல்லாம் நீளவாட்டில், ஒரே திசையில், வாரிவிட்ட தலைமுடி மாதிரி படிந்திருந்தன. இடுக்கியால் புரட்டினேன். அடிப்பக்கத்துக்கும் அதே மெருகு. அந்தப் பக்கத்தை இந்த ஜென்மத்தில் யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒருவர் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். டூர்பில்லன் கூண்டைச் சுற்றி ஒரு சின்னக் கீறல் கிடையாது. திருகாணிகளின் தலையில் காயம் கிடையாது.

"யாருப்பா நீ" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் விதி விதிதான். அசல் அல்லாத பாகம் இருந்தால் அறிக்கையில் எழுதியாக வேண்டும். மாற்றாமல் மூடினால் நிறுவனம் உத்தரவாதம் தராது. புதன்கிழமை பாலக்காரருக்குப் போன் செய்து சொன்னேன்.

"பதினோரு வருஷம் என் கையில இருந்த வாட்ச். உங்க கைக்கு வந்து மூணு நாள். மாத்தினது யாருன்னு நான் வேற சொல்லணுமா?"

எனக்குக் காது சுட்டது. இத்தனை வருடத்தில் யாரும் என்னைத் திருடி என்று சொன்னதில்லை, அவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, சொன்ன மாதிரிதான்.

"எங்க மேஜைக்கு மேல கேமரா இருக்கு சார். மூடிய திறந்ததுலேருந்து எல்லாம் பதிவாயிருக்கு. நீங்களே வந்து பாருங்க."

"நாளைக்கு சாயந்திரம் வரேன்" என்று வைத்துவிட்டார்.

மேனேஜர் பதிவை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். "மனசுல வெச்சுக்காத. பாலம் கட்றவங்க எதையும் லாரி ஏத்திப் பாத்துட்டுதான் நம்புவாங்க" என்றார்.

வியாழக்கிழமை காலை நான் போனபோது ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. படியில் பாலக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையைச் சரி செய்தார்.

"நான் வந்தது அவருக்குத் தெரியாதும்மா. மருந்துக் கடைக்குன்னு சொல்லிட்டு வந்தேன்."

உள்ளே அழைத்துப்போய் டீ கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டாரே தவிர குடிக்கவில்லை.

"அந்த ஸ்பிரிங்க மாத்தினது நீங்க இல்ல. நான்தான். அதாவது, நான்தான் மாத்த வெச்சேன்."

பதினோரு வருடத்துக்கு முன்னால், வாட்ச் கிடைத்த அதே வருடம், பாலக்காரர் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கிறார். வந்த நாலாம் நாள் வயிற்றுவலி. குடல்வால். உடனே ஆபரேஷன். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது வாட்சைக் கழற்றி மனைவியிடம் கொடுத்து, "பத்திரம்" என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கிறார்.

"எங்கயும் வெச்சுட்டு மறந்துடக் கூடாதேன்னு என் கையிலயே போட்டுக்கிட்டேன். எனக்கு அது பெருசு, வளையல் மாதிரி ஆடுச்சு. பாத்ரூம்ல கை கழுவும்போது நழுவி தரையில விழுந்துடுச்சு. எடுத்துப் பாத்தா எல்லாம் ஓடுது, அந்தக் கூண்டும் சுத்துது. நீல முள்ளு மட்டும் தொளதொளன்னு தொங்குது. எனக்கு உயிரே போயிடுச்சு."

மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறார். வாட்சைப் பார்த்ததுமே, இது எங்களால் ஆகாது என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்களாம். கணவர் வேலைக்குத் திரும்பிப் பறக்க ஒன்பது நாள்தான் இருந்தது. ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, பற்களின் அச்சு நிறைந்த தட்டோடு ஒருவர் அந்த வழியாகப் போயிருக்கிறார். பல் பிரிவில் செயற்கைப் பல் செய்பவர்.

"என்ன பாத்துட்டு நின்னாரு. 'யாருக்குக்கா என்ன ஆச்சு'ன்னு கேட்டாரு. 'வாட்ச்சுக்கு'ன்னேன். எனக்கே வெக்கமா போச்சு. புருஷன் உள்ள வயித்தக் கிழிச்சுக்கிட்டு படுத்திருக்காரு, நான் வாட்ச்சுக்கு அழறேன். அந்தத் தம்பி சிரிக்கல. வாங்கிப் பாத்தாரு. 'வீட்டுல சும்மா நாலு வாட்ச் பிரிச்சுக் கோத்திருக்கேன், இவ்ளோ பெரிய வாட்ச்ச தொட்டதில்ல, முயற்சி பண்ணவா'ன்னாரு. எனக்கு வேற வழி இல்ல. ட்ரிப்ஸ் ஏத்தின கை வீங்கியிருக்கு, டாக்டர் வாட்ச் கட்டக் கூடாதுன்னாருன்னு அவருகிட்ட பொய் சொன்னேன். எட்டாம் நாள் கொண்டாந்து குடுத்தாரு. நீல முள்ளு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. என்ன தரணும்னு கேட்டேன். 'இந்த மாதிரி வாட்ச்ச என்ன நம்பி யாருக்கா தரப்போறாங்க, நான்தான் உங்களுக்குத் தரணும்'னு சொல்லிட்டு ஓடிட்டாரு."

அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் பாலக்காரர் வாட்சைக் கழற்றி விளக்குவாராம். "ஒருத்தர் தொட்டதில்ல" என்று அவர் சொல்லும் இடம் வரும்போது இவர் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாராம்.

"அது கம்பெனியிலேருந்தே அப்படி வந்ததுதான்னு எழுதிட முடியாதாம்மா?"

அவர் கண்ணைப் பார்த்துச் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "பொய் எழுத என்னால முடியாதும்மா. ஆனா ரிப்போர்ட்ட சனிக்கிழமைக்கு அப்புறம் அனுப்பலாம். அதுக்குள்ள நீங்க சொல்லிடலாம்."

"எப்படிச் சொல்றது?"

அவரை என் மேஜைக்கு அழைத்துப்போனேன். ஸ்பிரிங்கை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்து, நாற்காலியை அவர் உயரத்துக்கு இறக்கினேன். முதலில் தன் கண்ணிமை முடியைத்தான் பார்த்தார். பிறகு பிடிபட்டது. நெடுநேரம் குனிந்தே இருந்தார்.

"இவ்ளோ அழகா இருக்கே" என்றார்.

"அடிப்பக்கமும் இப்படியேதான் இருக்கும்மா. யாரும் பாக்காத பக்கம். பதினேழு வருஷத்துல நான் பாத்த நல்ல வேலைகள்ல இது ஒண்ணு. இதுக்கு இதுவரைக்கும் யாரும் அவருக்கு நன்றி சொல்லல. நான் பொய்யா எழுதிட்டேன்னா இனிமேலும் யாரும் சொல்ல முடியாது."

அவர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

சாயந்திரம் இருவருமாக வந்தார்கள். பாலக்காரர் என் எதிரில் உட்காராமல் நின்றார். காலர் பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நேத்து போன்ல நான் பேசினது தப்பு. மத்தியானம் சாப்பாட்டுக்கு நடுவுல இவ எல்லாம் சொன்னா."

"பரவால்ல சார்."

"பரவால்லன்னு நீங்க சொல்லலாம். நான் சொல்லக் கூடாது." பிறகு மனைவியைப் பார்த்தார். "பதினோரு வருஷம் இத வயித்துல வெச்சுக்கிட்டு இருந்திருக்கா. நான் அப்படி ஒரு ஆளா இருந்திருக்கேன் பாருங்க. வாட்ச் விழுந்துடுச்சுன்னு எங்கிட்ட சொல்ல முடியாத மாதிரி."

"ஏங்க, அதெல்லாம் இங்க எதுக்கு" என்றார் மனைவி.

கேமராப் பதிவைப் பார்க்க வேண்டாம், ஸ்பிரிங்கைக் காட்டுங்கள் என்றார். காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வளைவைப் பார்க்கிறார், மூக்கின் கோணத்தைப் பார்க்கிறார் என்று அவர் தோள் அசைவிலேயே தெரிந்தது.

"பாரம் எங்க விழும்னு தெரிஞ்சு செஞ்சிருக்கான். வேர்ல தடிமன், நுனியில மெலிசு. இன்ஜினியர்தானே?"

"பல்லு செய்றவருங்க" என்றார் மனைவி.

"இத மாத்தாதீங்க" என்றார் என்னிடம். "உத்தரவாதம் வேண்டாம். எழுதிக் குடுத்துடறேன். ஆளு எங்க இருக்காருன்னு மட்டும் தெரியணும்."

அதைக் கண்டுபிடிப்பது நாங்கள் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. ஆஸ்பத்திரியின் பல் பிரிவில், அவர் எப்போதோ விலகிச் சொந்தமாகப் பல் கூடம் வைத்துவிட்டார் என்று முகவரி கொடுத்தார்கள். சனிக்கிழமை வருகிறீர்களா என்று பாலக்காரர் என்னைக் கேட்டார். கேட்காவிட்டாலும் போயிருப்பேன். ஸ்பிரிங்கை மூடியுள்ள சின்னப் பெட்டியில் போட்டு, பெட்டியைப் பர்சில் போட்டு, பர்சை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கண் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. கதவைத் திறந்ததும் பிளாஸ்டர் மாவு வாசனை. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க வாய்கள். மேல்வரிசை, கீழ்வரிசை, சிரிக்கிற வரிசை, கடிக்கிற வரிசை. நடுவில் வெள்ளை மேலங்கியில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். தூரிகையைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து, "டாக்டர் சீட்டு இருக்கா?" என்றார்.

"தம்பி, என்ன ஞாபகம் இருக்கா?" என்றார் பாலக்காரரின் மனைவி.

அவர் உற்றுப் பார்த்தார். சங்கடமாகச் சிரித்தார். "எந்தப் பல்லுக்கா?"

நான் பெட்டியைத் திறந்து அவர் மேஜையில் வைத்தேன். குனிந்தார். தூரிகை கீழே போனது.

"ஐயோ" என்றார் மெதுவாக. "டூர்பில்லன். நீல முள்ளு." அப்புறம்தான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "பெஞ்சில அழுதுக்கிட்டிருந்த அக்கா. என்ன ஆச்சு, ஒடஞ்சுடுச்சா?"

"ஒடையலப்பா" என்றார் பாலக்காரர். "பதினோரு வருஷம் ஒடையாம இருந்திருக்கு. எனக்கு நேத்து முந்தாநாள்தான் தெரியும். அதச் சொல்லத்தான் வந்தோம்."

பல் செய்பவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதச் சொல்றதுக்கா வந்தீங்க?"

"ஆமா."

"எங்க தொழில்ல ஒரு விஷயம் இருக்கு சார். பல்லு சரியா உக்காந்துட்டா அவங்க திரும்ப வரவே மாட்டாங்க. ஒடஞ்சா, வலிச்சா, கடிக்க முடியலன்னாதான் படியேறுவாங்க. நல்லா இருக்குன்னு சொல்ல இதுவரைக்கும் ஒருத்தரும் ரெண்டு மாடி ஏறினதில்ல." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேலங்கி நுனியால் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை.

எனக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. எதில் செய்தீர்கள் என்று ஆரம்பித்தேன்.

"பல் கம்பிதான். பசங்களுக்கு எடுப்பான பல்லுக்குப் போடுவாங்களே, அதே கம்பி. நல்ல ஸ்பிரிங் தன்மை இருக்கும், துரு பிடிக்காது. மொத ரெண்டு வளைக்கும்போதே முறிஞ்சுது. மூணாவது நின்னுது."

"கூண்டு?"

"அந்தப் பக்கமே போகல. அச்சு எடுக்குற மெழுகுல ஒரு மூடி செஞ்சு அதுக்கு மேல கவுத்துட்டேன், என் மூச்சு கூட படக் கூடாதுன்னு. எட்டு நாளும் அது மெழுகுக்கு அடியிலதான் இருந்துச்சு. உள்ள எப்படி இருக்கும்னு பாக்கணும்னு ரொம்ப ஆச. பாக்கல."

அவர் ஸ்பிரிங்கைத் தன் மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூக்கு ஒரு பக்கம் நல்லா தேஞ்சிருக்கே. பொத்தான ஆயிரக்கணக்குல அழுத்தியிருக்கீங்க. அவ்ளோ ஊருக்கா சார் போனீங்க?"

பாலக்காரர் பதில் சொல்லுமுன் அவர் மனைவி சிரித்துவிட்டார். "ஊருக்கு எங்க போனாரு. வீட்டுக்கு ஆள் வந்தா இருபத்துநாலு மணி நேரமும் அழுத்திக் காட்டுவாரு."

பாலக்காரர் காது சிவந்தது. அவரும் சிரித்தார், வாய் திறந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பல் செய்பவர் ஸ்பிரிங்கைத் திரும்பப் பெட்டியில் வைத்து என் பக்கம் தள்ளினார். "மேடம், இத எடுத்துட்டு ஒரிஜினல் போடுங்க."

"வேண்டாம்னு நான் சொல்லிட்டேன்" என்றார் பாலக்காரர். "உங்க வேலைதான் அதுல இருக்கணும்."

"சார், ஒன்பது நாளைக்குள்ள நீங்க ஃப்ளைட் ஏறணும்னு அக்கா சொன்னாங்க. அதுக்காக செஞ்சது. நல்ல ஸ்பிரிங் கெடைக்கிற வரைக்கும் தாங்கட்டும்னு. பதினோரு வருஷம் தாங்கிடுச்சு. இந்தத் தேய்மானத்தோட இன்னும் ரெண்டு வருஷம் கூட தாங்கலாம். அப்புறம் ஒருநாள் முறிஞ்சு, துணுக்கு கூண்டுக்குள்ள விழுந்தா? அப்ப எனக்கு எப்படி இருக்கும்?"

பாலம் கட்டியவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தேய்ந்த பாகத்தைப் பாசத்துக்காக விட்டு வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா. தலையசைத்தார். "அப்ப இது உங்ககிட்ட இருக்கட்டும்" என்று பெட்டியை எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவர் கையை விடவில்லை. நன்றி என்று சொல்ல வாயெடுத்தார். இருமினார். அப்புறம்தான் சொன்னார்.

பல் செய்பவர் தொழில்புத்தி மாறாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், மேல வலது பக்கம் ஒரு பல்லு எப்ப போச்சு?"

"அது ஆச்சு, ஆறேழு வருஷம்."

"ஒரே பக்கமா மெல்றீங்க. அடுத்த பல்லோட வேரு வேற மிச்சம் இருக்கும்போல. டாக்டர பாத்து எடுத்துட்டு வாங்க. பல்லு நான் செஞ்சு தரேன்."

"ஆபரேஷனுக்குப் போனவரு, பல் டாக்டர்னா மட்டும் காத தூரம் ஓடுவாரு" என்றார் மனைவி.

"போறேன்" என்றார் பாலக்காரர், பாலத்துக்குக் கையெழுத்துப் போடும் தோரணையில்.

கிளம்பும்போது நான் மட்டும் பின்தங்கினேன். "கூண்டு இன்னும் பிரிச்சபடியே என் மேஜையிலதான் இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை கோக்கப் போறேன். வந்து பாக்குறீங்களா?"

அவர் அலமாரிப் பற்களைப் பார்த்தார். "எத்தன மணிக்கு?" என்றார்.

பாலக்காரரிடமும் மேனேஜரிடமும் அனுமதி வாங்கி வைத்தேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சொன்னேன், ஒன்பதே காலுக்கே வந்துவிட்டார், தலை படிய வாரி, புதுச் சட்டையில். நூல் பறக்காத மேலங்கி கொடுத்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். மைக்ரோஸ்கோப்பில் இரண்டாவதாக ஒருவர் பார்க்க ஒரு குழல் இருக்கிறது; பயிற்சிக்கு வருபவர்களுக்கானது. அதை அவர் கண்ணுக்குத் திருப்பினேன்.

கழுவி, எண்ணெய் இட்டு, கூண்டைக் கோர்க்க மதியம் வரை ஆனது. தும்மல் வந்தபோது எழுந்து வெளியே போய்த் தும்மிவிட்டு வந்தார். மற்றபடி அசையவில்லை. ஒரே ஒருமுறை, உள்சக்கரத்தை ஆட்டும் மயிரிழைச் சுருளை இறக்கும்போது என் இடுக்கி ஒரு நொடி தயங்கியது. அவரும் மூச்சை நிறுத்திவிட்டது எனக்குக் கேட்டது. இறக்கிவிட்டேன். அசல் ஸ்பிரிங்கை ஏற்கெனவே டயலுக்கு அடியில் வைத்திருந்தேன். சாவித் திருகை நாலைந்து சுற்று கொடுத்தேன்.

கூண்டு ஒரு கணம் யோசித்தது. பிறகு உள்ளே இருந்த சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கியது, கூண்டு முழுவதும் மெல்ல நகர ஆரம்பித்தது.

"ஓடுது" என்றார் கிசுகிசுப்பாக, நான் பார்க்காததுபோல.

"ஓடுது."

"இன்னும் ஒரு சுத்து பாத்துக்கவா மேடம்?"

ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம். அவர் பத்து சுற்றுக்கு மேல் பார்த்தார். நான் டீ போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எழுந்து நின்று, ரொம்ப நன்றி என்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பதினேழு வருடம் இந்த மேஜையில் உட்கார்ந்தும், யாரும் பார்க்காத பக்கத்துக்கு இப்படி மெருகு போட எனக்குத் தோன்றியதில்லை என்று சொன்னேன். இப்போதெல்லாம் போடுகிறேன் என்பதை அன்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வாட்சை வாங்கிக்கொள்ள இருவரும் வந்தார்கள். பாலக்காரரின் வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. அன்று காலையில்தான் வேரை எடுத்திருக்கிறார்கள். வாயில் பஞ்சு, பேச முடியாது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். வாட்சை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். அதைத் தன் கையில் கட்டாமல் மனைவியின் பக்கம் நீட்டி, பொத்தானைக் கண்ணால் காட்டினார். அவர் தயங்கித் தயங்கி ஓர் அழுத்து அழுத்தினார். நீல முள் தாண்டி உட்கார்ந்தது.

"சத்தம் கொஞ்சம் மெல்லிசாயிடுச்சு இல்ல?" என்றார் என்னிடம்.

ஆமாம் என்றேன். பாலக்காரர் ஏதோ சொல்ல முயன்றார், பஞ்சு தடுத்தது, மனைவியின் தோளைத் தட்டினார்.

"நன்றி சொல்றாரும்மா" என்றார் அவர். "நானும் சேத்துதான் சொல்றேன்."